கயிறு பிடிக்கிற மச்சான்

நீளமான ஃபின் இரண்டு சோடி, கண்ணாடி, மூச்சுக்குழாய், ஈயக்கட்டி கோத்த பட்டி, ஒரு சிவப்பு மிதவை. எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து நிறுத்தினால் பை என் நெஞ்சு வரை வருகிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு இந்தப் பையோடு காலை நேர பஸ்ஸில் ஏறுவது மற்றப் பயணிகளுக்குச் செய்யும் அநியாயம். ஆகவே கோட்டை வரை ஓட்டோ, அங்கிருந்து கரையோர ரயில் என்று முதல்நாள் இரவே மச்சானும் நானும் பேசி வைத்திருந்தோம்.

புறப்படும்போது மணி ஐந்தரை. மாமா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிய மனிதர்.

“தம்பி, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில முங்காதேங்கோ. ஒராள் மேல நிக்கோணும்.”

“ஓம் மாமா.”

“அவன் மீனைக் கண்டால் நேரத்தை மறந்திடுவான். நீங்கள்தான் பார்க்கோணும்.”

ஒவ்வொரு முறையும் இதே சொற்கள்தான். அவரும் ஒரு காலத்தில் வெள்ளவத்தைக் கடலில் மூச்சடக்கிச் சுழியோடியவர். இரும்புக் கம்பியைத் தீட்டி, சைக்கிள் ட்யூபை நாணாகக் கட்டி, ஓரா மீனும் விளைமீனும் குத்திக் கொண்டுவந்த கதைகளை என் மனைவி சிறுவயதிலேயே கேட்டு அலுத்துப்போயிருந்தாள். நான் மட்டும் அலுக்காமல் கேட்கிறேன்.

எங்கள் பயணத்தின் முழு நீளம் வெள்ளவத்தையோடு முடிவதில்லை. சிட்னியில் என் சகலன் இருக்கிறார். அந்தக் கரையில் கழகங்கள் நடத்துகிற ஈட்டி மீன்பிடிப் போட்டி ஒன்றில், காற்றுச் சிலிண்டர் இல்லாமல் சொந்த மூச்சில் மட்டும் இறங்குகிற போட்டியில், மச்சானும் நானும் சோடியாகப் போய்க் கலந்துகொள்ள வேண்டும் என்பது இரண்டு வருட ஆசை. பணம் சேர்க்கிறோம், மூச்சும் சேர்க்கிறோம். வெள்ளவத்தைக்குப் போவது அந்தப் பயணத்தின் முதல் காலடி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இலங்கையில் ஈட்டித் துவக்கால் மீன் பிடிப்பது சட்டப்படி தடை. துவக்கோடு சுழியோடுகிறவர்களைக் கடற்படை பிடித்து, மீனையும் கருவியையும் பறிமுதல் செய்து, கடற்றொழில் அதிகாரிகளிடம் ஒப்படைக்கும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஆகவே இந்த நாட்டிலிருந்து அப்படியொரு போட்டிக்குப் போகிறவன் ஈட்டியைத் தொடாமலே பழக வேண்டும். மூச்சு, கால், காது, பொறுமை இந்த நாலும் இங்கே. ஈட்டி அங்கே போய் இரவல். இது குறை என்று நான் ஆரம்பத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

ஓட்டோவைக் கொச்சிக்கடையில் நிறுத்தச் சொன்னான் மச்சான். அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தாமல் அவன் கடலுக்குப் போவதில்லை. சைவக் குடும்பம்தான், ஆனால் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர்களுக்குப் பொன்னம்பலவாணேசரும் அந்தோனியாரும் ஒரே தெருவுக்காரர்கள். இந்தக் கோயிலின் தோற்றக் கதையே கடற்கதை. கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு ஒளிந்து திரிந்தாராம். முகத்துவாரத்து மீனவர்கள், தங்கள் ஊரைக் கடல் அரித்துக்கொண்டு போகிறது, அதை நிறுத்தினால் காப்பாற்றுகிறோம் என்றார்களாம். அவர் கரையில் சிலுவையை நட்டு ஜெபிக்கக் கடல் பின்வாங்கியது என்பது இன்றுவரை சொல்லப்படுகிற நம்பிக்கை. 2019 ஏப்ரல் 21 காலையில் இதே கோயிலுக்குள் குண்டு வெடித்தது. மச்சான் திரி கொளுத்திவிட்டு வெளியே வரும்வரை நான் படியில் செருப்பில்லாமல் நின்றேன். அந்தப் படியில் செருப்போடு நிற்க எனக்கு மனம் வருவதில்லை.

கோட்டையில் ரயில் ஏறினோம். கொம்பனித்தெருவைத் தாண்டியதும் வலப்பக்கம் முழுக்கக் கடல். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று தண்டவாளம் கரையை ஒட்டியே ஓடுகிறது. அலை பெரிதாக இருக்கும் நாட்களில் கதவடியில் நிற்பவன் முகத்தில் உப்புத் துளி படும். அன்றைக்குக் கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. மாசி மாதம். மேற்குக் கரையில் கார்த்திகையிலிருந்து சித்திரை வரைதான் எங்களுக்குக் காலம். வைகாசியில் சோழகம் எழும்பிவிட்டால் தண்ணீர் கலங்கி, முழங்கை கூடத் தெரியாது.

இந்தக் கடலைப் பார்க்கும்போது கொழும்புத் தமிழருக்குக் குளிப்பது மட்டும் நினைவுக்கு வருவதில்லை. 1958 கலவரத்தின்போதும் 1983 ஜூலையிலும் வீடிழந்தவர்களைக் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். 83 இல் ‘லங்கா கல்யாணி’யில் போன ஒரு பெரியம்மா, இன்றைக்கும் இந்த ரயிலில் கடல் பக்கம் உட்காரமாட்டார். நான் கடலுக்குள் தலையை விடுகிறேன் என்றால் அவர் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்ப்பார்.

ரயில் சத்தத்துக்கு மேலால் மச்சான் சிட்னியைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தான்.

“அத்தான், அங்க எந்த மீனையும் அடிக்கலாமா?”

“இல்லையடா. நீலக் குரோப்பர் என்று ஒரு பெரிய மீன் இருக்கு. ஆளுக்குப் பக்கத்திலயே வந்து நிக்குமாம். அதை ஈட்டியால அடிக்க 1969 இலேயே தடை.”

அந்த மீன் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் அடையாள மீன். ஆளைக் கண்டு பயப்படாத மீனை ஈட்டியால் குத்துவதில் விளையாட்டு ஏது? அங்குள்ளவர்கள் ஐம்பது வருடத்துக்கு முன்பே அதை உணர்ந்து சட்டமாக்கினார்கள்.

ஈட்டி மீன்பிடியில் உலகப் போட்டி தொடங்கியது 1957 இல், அன்றைய யூகோஸ்லாவியாவின் லோஷின் தீவில். இரண்டு வருடம் கழித்து மொனாக்கோவில் ‘சிமாஸ்’ எனப்படும் உலக நீரடி விளையாட்டுக் கூட்டமைப்பு பிறந்தது. முதல் தலைவர் ஜாக் குஸ்தோ. விதிகளின் சாரம் எளியது. சிலிண்டர் கூடாது. குறித்த மணிநேரத்துக்குள் கரையேற வேண்டும். நிறை குறைந்த குஞ்சு மீனுக்குப் புள்ளி இல்லை. ஓர் இனத்தில் இத்தனைக்கு மேல் கணக்கில் வராது. கடைசியில் எல்லோருக்கும் முன்னால் தராசு.

1965 இல் தாஹிட்டியில் நடந்த உலகப் போட்டியில் வென்றவர் ரொன் டெய்லர், சிட்னிக்காரர். அதற்குப் பிறகு அவர் ஈட்டியை விட்டுவிட்டார். ஒரு போட்டியின் நடுவிலேயே, கொன்றது போதும் என்று மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். மிச்ச வாழ்நாளை மனைவி வலரியோடு சேர்ந்து கடலடியைப் படம் பிடிப்பதிலும் சுறாக்களைக் காப்பாற்றச் சொல்லிப் பேசுவதிலும் செலவிட்டார். ‘ஜோஸ்’ படத்தில் வருகிற உண்மையான வெள்ளைச் சுறாக் காட்சிகள் அவர்கள் எடுத்தவை. இதை மச்சானுக்குச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வென்ற பிறகு விடுறது லேசு, அத்தான்” என்றான். அவனுக்கு இருபத்தாறு வயது. அந்தப் பதிலில் இருந்த நியாயம் எனக்குப் புரிந்தது.

வெள்ளவத்தை நிலையத்தில் இறங்கித் தண்டவாளத்தைக் கடந்தால் மணல். பின்னால் மரைன் டிரைவ், அதற்குப் பின்னால் மாடிவீடுகள், சேலைக் கடைகள், தோசைக் கடைகள், ராமகிருஷ்ண மிஷன். முன்னால், கரையிலிருந்து பார்த்தால் அலை உடைகிற ஒரு கறுப்புக் கோடு. அதுதான் பார். மன்னாரில் முத்துச் சிப்பி விளைகிற கடலடி மேட்டுக்கும் தமிழில் பார் என்றுதான் பெயர்.

கின்ரோஸ் என்று அழைக்கப்படும் இந்தக் கரை 1940களிலேயே நீச்சலுக்கும் உயிர்காப்புக்கும் கழகம் வைத்திருந்த கரை. கண்ணாடி போட்டு, ஈட்டி பிடித்து, விளையாட்டாக மீன் வேட்டையாடிய இலங்கையின் முதல் தலைமுறையில் பலர் பழகிய இடம். அவர்களில் பெரிய பெயர் ரொட்னி ஜொங்க்ளாஸ். பறங்கியர், விலங்கியல் படித்தவர், அடுத்த நிலையமான தெஹிவளையில் மிருகக்காட்சிச் சாலையில் அதிகாரியாக இருந்தவர். ஈட்டியில் அவரை வெல்ல அந்தக் காலத்தில் தீவில் ஆளில்லை என்பார்கள். 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இங்கே வந்து சேர்ந்தபோது அவர்களுக்குக் கடலைக் காட்டியவர்களில் முதல்வர் இவரே.

மாமா இளைஞனாக இருந்தபோது ஜொங்க்ளாஸைக் கரையில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். “அவர் முங்கினால் நாங்கள் கரையில நிண்டு மூச்சைப் பிடிப்பம். எங்களுக்கு முடிஞ்சிடும். அவர் வரமாட்டார்” என்பார். அதே ஜொங்க்ளாஸ் பின்னாட்களில் மீனை உயிரோடு பிடித்து வளர்ப்புத் தொட்டிகளுக்கு அனுப்புகிற தொழிலுக்குப் போனார். தீவின் ஓடைகளில் வாழ்கிற இரண்டு சிறு மீன்களின் அறிவியற் பெயரில் அவர் பெயர் ஒட்டியிருக்கிறது. குத்திய மீனை எடை போட்டவரின் பெயரை உயிரோடு நீந்துகிற மீன்கள் சுமக்கின்றன.

மைக் வில்சன் கதை இன்னும் விசித்திரம். திருகோணமலையில் சுவாமி மலையடியில் சுழியோடியபோது, போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டவர் அவர். கடலடியில் கிடைத்த லிங்கம் மீண்டும் கோயிலுக்குப் போனது. வில்சன் தாமும் ஒருநாள் காவி கட்டி, சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் கதிர்காமத்து முருகனடியாராக வாழ்ந்து 1995 இல் மறைந்தார். கோணேசர் கோயிலுக்குப் போகிறபோதெல்லாம் நான் பாறை விளிம்பில் நின்று கீழே பார்ப்பேன். மூச்சை அடக்கி இறங்குகிறவனுக்கு எது கண்ணில் படும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கடலைத் தாண்டிப் போட்டியிட நம்மவர்களுக்குப் பழக்கமில்லை என்று சொல்கிறவர்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்வேன். தொண்டைமானாற்றின் நவரத்தினசாமி 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன், ஊர் ‘ஆழிக்குமரன்’ என்று கொண்டாடிய மனிதர், 1971 இல் அதைப் போகவரக் கடந்தார். ஐம்பத்தொரு மணிநேரம் கடலில் கிடந்தார். அவரே 1984 ஆகஸ்ட் 6 ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயில் உயிர் விட்டார். துணைப்படகு இல்லாமல் அந்தக் கால்வாயை யாரும் நீந்துவதில்லை. அப்படியிருந்தும் அவரைக் கடல் எடுத்துக்கொண்டது. மாமா வாசலில் உட்கார்ந்து சொல்கிற வார்த்தை வெறும் வயசாளியின் பயமில்லை என்று எனக்குத் தெரிவதற்கு இது ஒன்றே போதும்.

மிதவையை நடுவில் விட்டு, அதன் கயிற்றை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு வெளியே நீந்தினோம். பாரின் வெளிப்பக்கம் எட்டு மீற்றர் இருக்கும். தண்ணீர் இளம்பச்சை. கீழே பாறை நிழல் மங்கலாகத் தெரிந்தது.

முதலில் நான். முகத்தைத் தண்ணீரில் வைத்து இரண்டு நிமிடம் சும்மா மிதந்தேன். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். பாம்பு சீறுவதுபோல் வேகமாக இழுத்து இழுத்து விட்டால் கூடுதல் காற்றுச் சேரும் என்று எண்ணுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒட்சிசன் பெரிதாகக் கூடுவதில்லை, காபனீரொட்சைட்டுத்தான் குறைகிறது. “மேலே போ, மூச்சு விடு” என்று நெஞ்சை உதைத்துச் சொல்கிறது அந்த வாயுதான். காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டுக் களவு போனதே என்று அழுவது மாதிரி.

இன்னொரு பொறியும் உண்டு. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. நெஞ்சுக்குள் இருக்கிற காற்று பாதியாகச் சுருங்கும். அந்த அழுத்தத்தில் மீதமிருக்கிற ஒட்சிசனும் நன்றாக வேலை செய்யும். கீழே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மேலே எழும்பும்போது அழுத்தம் இறங்க, ஒட்சிசனின் தள்ளுவிசையும் சடாரென்று விழும். கடைசிப் பத்து மீற்றரில், வெளிச்சம் தெரிகிற இடத்தில், விளக்கணைந்த மாதிரி நினைவு போய்விடும். வலி இல்லை, தவிப்பு இல்லை. தலையை நீருக்கு வெளியே நீட்டி ஒரு மூச்சு இழுத்த பிறகுகூடச் சிலர் மயங்கிச் சரிவார்கள். பக்கத்தில் ஒருவன் இருந்து நாடியைத் தூக்கிப் பிடித்தால், கன்னத்தில் தட்டி மூச்சு விடச் சொன்னால், பெரும்பாலும் நினைவு திரும்பிவிடும். யாரும் இல்லாவிட்டால் உடல்தான் திரும்பும்.

ஈட்டி கையில் இருக்கிறவனுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. ஒரு கலவாய் பாறைப் பொந்துக்குள் நுழைந்தால் அவன் தன் மூச்சை மறந்து அதன் வாலை நினைக்கிறான். ஆகவே ஈட்டி இல்லாமல் பழக வேண்டியிருப்பதை நான் இப்போது வரமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

தமிழனுக்கு இந்த அறிவு வெளியிலிருந்து வரவில்லை. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லில் ஒரு காலை வைத்து, இடுப்பில் சிப்பிக் கூடையோடு இறங்கினார்கள். ஒரு படகில் பத்துச் சுழியோடிகள் என்றால் ஐந்து பேர் கீழே போக ஐந்து பேர் மேலே ஆறுவார்கள். கயிற்றுக்கென்று தனி ஆள் உண்டு. கீழிருந்து ஒரு சுண்டு வந்தால் தூக்க வேண்டும். பத்துப் பதினைந்து மீற்றர் ஆழம், ஏறக்குறைய ஒரு நிமிடம், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டி கரையில் இருந்தான். சிலாபம், சிலாவத்துறை என்ற ஊர்ப் பெயர்களிலேயே சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, ஒளிந்திருக்கிறது. 1905 ஆம் வருடச் சலாபத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அடுத்த வருடம் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குப் போயின. சில வருடங்களுக்குள் சிப்பி அற்றுப்போயிற்று.

அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பார்கள் என்பதற்கு நம் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. அண்ணன் தம்பியிடம் கொடுக்கமாட்டார்களாம், பங்கு கேட்கிற உறவு. மச்சானிடம்தான் கொடுப்பார்களாம். கை நழுவினால் தாலியறுப்பது அவன் அக்கா.

தலையைக் கீழே குத்தி, கால் இரண்டையும் உயர்த்தி, அமிழ்ந்தேன். மூக்கைப் பிடித்துக் காதைத் திறந்தேன். மூன்று மீற்றர், மறுபடி. ஆறு, மறுபடி. பாறை மேல் ஒரு கையை வைத்து அப்படியே கிடந்தேன். தூரத்தில் ரயில் போகிற அதிர்வு தண்ணீரிலும் கேட்டது. மஞ்சள் கோடு போட்ட சின்ன மீன்கள் ஒரு குழு. ஒரு கிளிமீன் பாறையைக் கடிக்கிற ‘கறுக் கறுக்’. பொந்தில் சிங்கி இறாலின் மீசை. விரல் நீளத்துக்கு மேல் ஓரா ஒன்றையும் காணவில்லை. மாமா குத்திய விளைமீனின் பேரப்பிள்ளைகள் எங்கே போயின என்று தேடினேன். பிளாஸ்ரிக் பை ஒன்று பவளக் கிளையில் மாட்டித் துணிபோல ஆடிக்கொண்டிருந்தது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பற்றிய ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ 1,486 கொள்கலன்களோடு மூழ்கியபோது இந்த மேற்குக் கரை மணலெங்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின. மச்சான் தன் கூட்டாளிகளோடு வாரக்கணக்கில் சல்லடை வைத்து அரித்தான். கப்பலின் பெயரில் முத்து இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இலங்கையில் ஈட்டித் துவக்குக்கு இருக்கிற தடை சரியானது. போட்டிக்குப் போகத் துடிக்கிறவனாகவே இதைச் சொல்கிறேன். பாரை நம்பி வாழ்கிற மீன் இடம் மாறாது; இன்றைக்கு இருந்த பொந்தில்தான் நாளைக்கும் இருக்கும். அதைத் தேடிப் போய்த் தெரிந்தெடுத்துக் குத்துகிறவன் பெரியதைத்தான் குத்துவான். முட்டையிடுகிற பெருமீன்களே முதலில் போகும். எண்ணி, அளந்து, இனம் பிரித்துக் காவல் செய்கிற ஏற்பாடு இல்லாத கடலில் ஈட்டியை அவிழ்த்துவிட்டால் இந்தப் பொந்தில் மீசைகூட மிஞ்சாது. சிட்னியில் நான் ஈட்டி பிடித்தாலும், இங்கே பிடிக்க அனுமதி கேட்டு ஒருநாளும் கையெழுத்துப் போடமாட்டேன்.

நெஞ்சில் முதல் உதை வந்தது. திரும்பினேன். மேலே வெள்ளிக் கூரை மாதிரி நீர்ப்பரப்பு, அதில் ஒரு கறுப்பு உருவம், முகம் கீழே பார்த்தபடி. பாதி வழியில் அவனே இறங்கி வந்து என் கண்ணாடிக்கு நேராகத் தன் கண்ணாடியை வைத்துக்கொண்டு என்னோடு எழும்பினான். தலை வெளியே வந்ததும் மிதவையைப் பிடித்தேன்.

“மூச்சு விடுங்கோ அத்தான். ம்... இன்னொண்டு. கதையாதேங்கோ.”

முப்பது எண்ணும்வரை அவன் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகுதான் கேட்டான்.

“என்ன கண்டீங்க?”

“ஒரு சிங்கி. கிளிமீன். ஓரா எல்லாம் குஞ்சு.”

“பெருசு ஒண்டும் இல்லையா?”

“இல்லை.”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துப்பித் துடைத்துத் திரும்பப் போட்டான். கரையில் யாரோ ஒரு பிள்ளைக்கு நீந்தப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை அலறுவது கேட்டது. மணி ஏழரை இருக்கும். வெயில் மாடிவீடுகளுக்கு மேலால் வந்து கடலைத் தொட்டது.

“இப்ப என்ர முறை. நீங்கள் நில்லுங்கோ.”

இரண்டு நிமிடம் மிதந்தான். சீறவில்லை, அமைதியாகவே இழுத்தான். பிறகு மடிந்து, ஃபின் இரண்டும் ஒருகணம் வானத்தில் நிற்க, சத்தமில்லாமல் உள்ளே போனான். மிதவைக் கயிற்றை என் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். பச்சைக்குள் அவன் சிறுத்துக்கொண்டே போனான். பாறையைத் தொட்டதும் எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று.